செங்கடலில் காணாமற்போன மனிதர்கள்

கன்னியாகுமரி முதல் தனுஷ்கோடி வரை வளைந்து கிடக்கும் முத்துக் கரையைப் பற்றி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் எழுதிக்கொண்டிருக்கிறது. ‘பெரிப்ளூஸ்’ என்னும் பழைய கிரேக்க நூல், கொற்கைக் கடலில் முத்தெடுக்கும் வேலையைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் செய்தனர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த துறைமுகத்தை நோக்கிப் போய்விடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கொடுக்கப்பட்டதைக்கூட மறவாமல் குறித்து வைத்தார். பின்னர் வந்த போர்த்துக்கீசியரும், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், அவர்களுக்குப் பிறகு ஆங்கிலேயரும், ‘பார்’ எனப்படும் முத்துப் படுகை ஒவ்வொன்றிலும் சிப்பியை எண்ணினார்கள். எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, எஞ்சிய ஒரு பங்கு குளித்தவனுக்கு என்ற ஆங்கில ஆட்சிக் காலத்துப் பங்கீடுவரை சகலமும் ஏட்டில் இருக்கிறது. கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்திற்கு இறங்கிய அந்த மனிதன் எத்தகைய சுபாவம் உடையவன், முன்கோபியா, சிக்கனக்காரனா, மேலே தோணியில் நின்று கயிற்றைப் பிடித்திருந்த மைத்துனனோடு முதல் நாள் இரவு எதற்காகச் சண்டையிட்டான், அந்தச் சண்டைக்குப் பிறகும் எந்தத் தைரியத்தில் தன் உயிரை அவன் கையில் கொடுத்துவிட்டு நீருக்குள் போனான் என்பவை மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கச் சினிமாவைப்போல் தகுதியுள்ள கலை வேறில்லை என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். எழுத்தறியாத மனிதனின் முகத்தை, நடையை, அவன் பேசாமல் நிற்கும் நேரத்தை, வார்த்தையின் தயவின்றிக் காட்டக்கூடிய கலை அது. ஆனால் பெருமுதல் போட்டு எடுக்கப்படும் படங்கள் நம் கரைக்கு வந்தபோதெல்லாம் மணப்பாட்டுக் கோயிலின் அழகையும் மணல்மேட்டின் வடிவையும் எடுத்துக்கொண்டு போயினவேயன்றி, கரையின் மனிதர்களை எடுத்துப் போகவில்லை. 2012இல் வந்த ‘நீர்ப்பறவை’யும் 2013இல் வந்த ‘கட’லும் இக்கரையில்தான் படமாயின. இரண்டிலும் நல்லெண்ணத்திற்குக் குறைவில்லை; எனினும் கதாநாயகர்கள் சென்னையிலேயே வார்க்கப்பட்டு, இங்கே உப்புக்காற்றில் சிறிது நேரம் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள். ஆகையால் அவற்றிடம் நான் அதிகம் எதிர்பார்க்கவுமில்லை, ஏமாறவுமில்லை.

‘செங்கடல்’ விஷயம் வேறு. லீனா மணிமேகலை இயக்கிய அப்படம் முதலாளிகளின் பணத்தை நம்பாமல், நட்சத்திரங்களை நம்பாமல், தனுஷ்கோடி மணலில் மீனவர்களையும் ஈழத்து அகதிகளையுமே நடிக்க வைத்து எடுக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்துபோன ஊர். அதன் இடிபாடுகளுக்கு நடுவே ஓலைக் குடிசைகளில் வாழும் ஜனங்கள். எதிர்க்கரையில் நடந்த யுத்தம். எல்லை தாண்டினான் என்று சுடப்படும் மீனவன். படகில் வந்து மணல்திட்டில் இறக்கிவிடப்படும் அகதி. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு, இந்திய அரசாங்கத்தையும் இலங்கை அரசாங்கத்தையும் ஒருசேரக் கேள்வி கேட்கத் துணிந்த காரணத்தால் தணிக்கை வாரியம் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. இயக்குநர் அசையவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்வரை சென்று 2011இல் அனுமதி பெற்றார். பிறகு திரைப்பட விழாக்கள் பலவற்றில் அது காட்டப்பட்டது, பாராட்டப்பட்டது. தமிழில் ஒரு படம் பிறப்பதற்கே இத்தனை போராட வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் மறக்கலாகாது; அந்தப் போராட்டத்தின்மேல் எனக்குள்ள மரியாதையில் அணுவளவும் குறைவில்லை.

அவ்வளவு மரியாதையோடு அமர்ந்து பார்த்ததனாலேயே ஏமாற்றமும் அவ்வளவு ஆழமாக இருந்தது.

படத்தின் பிரதான மனிதர்கள் நால்வர். முனுசாமி மீனவர், வேவு பார்த்தவர் என்ற பழி சுமந்து வதைபடுகிறார். சூரி, புத்தி சற்றே பேதலித்த ஈழ அகதி. அவனுக்கு வானொலிப் பெட்டியே உலகம். ரோஸ்மேரி, இயேசு சபையாரின் அகதிகள் சேவை அமைப்பில் பணியாற்றும் பெண்; தாங்க முடியாததைப் பிரார்த்தனையில் ஆற்றிக்கொள்கிறாள். நான்காமவள், இவர்களைப் படமெடுக்க வந்த மணிமேகலை. இயக்குநர் தாமே அந்தப் பாத்திரத்தில், தம் பெயருடனேயே, தோன்றுகிறார். அதிகாரிகள் அவளுடைய ஒளிநாடாக்களைப் பறித்துக்கொண்டு அவளை அங்கிருந்து வெளியேற்றுகின்றனர்.

இந்த நால்வரில், ஒன்றை விரும்பி, அதற்காக ஒரு காரியத்தில் இறங்கி, தடுக்கப்பட்டு, தயங்கி, மறுபடியும் துணிகிறவள் என்று சொல்லத்தக்கவள் மணிமேகலை ஒருத்தியே. மற்ற மூவருக்கும் ஏதாவது நேர்ந்துகொண்டிருக்கிறது. முனுசாமிக்கு அடி நேர்கிறது, சூரிக்குக் கடல் நேர்கிறது, ரோஸ்மேரிக்கு மற்றவர்களின் துக்கமெல்லாம் நேர்கிறது. அடிபடுவதற்கு முன் முனுசாமி என்ன மாதிரி மனிதர்? கச்சான் காற்று ஓங்கிக் கடலுக்குப் போக முடியாத நாட்களில் வீட்டில் எப்படி இருப்பார்? மீன்பாடு நன்றாக இருந்த நாளில் யாருக்குக் கொடுப்பார், யாருக்கு ஒளிப்பார்? ரோஸ்மேரிக்கு அந்த அகதிகளில் ஒருவர்மேலாவது எரிச்சல் வந்ததுண்டா, வந்தபின் அதற்காக அவள் வெட்கப்பட்டதுண்டா? படம் முடிந்து எழுந்தபோது இக்கேள்விகளில் ஒன்றுக்கும் என்னிடம் விடையில்லை. அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகள் அனைத்தும் மனத்தில் தங்கியிருந்தன, அவர்கள் தங்கவில்லை.

துயரம் என்பது ஒருவனுக்கு வெளியிலிருந்து வருவது. அதே குண்டு, அதே வறுமை, அதே கடல் இரண்டு மனிதர்களை வந்து தாக்கும்போது, ஒருவன் கடவுளை ஏசுகிறான், மற்றவன் கடவுளோடு பேரம் பேசுகிறான். இந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்காகவே பாத்திர சிருஷ்டி என்ற ஒன்று கலையில் இருக்கிறது. நம் கரையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனிமய மாதாவை ஒரு வீட்டு மூதாட்டியைக் கோபிப்பதுபோல் உரிமையோடு கோபித்துக்கொண்டு, ஆகஸ்டு 5 திருவிழாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறவர்கள் எங்கள் தூத்துக்குடியில் தெருவுக்கு இருவர் உண்டு. ஏலத்தில் தரகரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பணிந்து போய், அந்த ஆத்திரத்தைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு, இரவில் உறங்காமல் கிடக்கிற தகப்பன்மார் உண்டு. இப்படிப்பட்ட உள்முரண்கள் இல்லாத ஒரு கடற்குடியை நான் கண்டதில்லை, திரையில்தான் கண்டேன்.

இதற்கு ஒரு பதில் சொல்லப்படுவதை அறிவேன். சுடப்படுகிற ஜனங்களைப் பற்றிய படத்தில் சுபாவ வர்ணனைக்கு இடமேது, அவர்களுடைய துன்பத்தைச் சாட்சியாகப் பதிவு செய்ததே பெரிதல்லவா, தொழில்முறை நடிகரல்லாத ஏழைகளிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமா என்பது அந்தப் பதில். இது அலட்சியப்படுத்தக்கூடிய வாதமன்று. ஆனால் இதற்கு மறுமொழி, ‘செங்கடல்’ வருவதற்கு அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, வேறொரு கடற்கரையிலிருந்து வந்துவிட்டது.

1948இல் லுக்கினோ விஸ்கோந்தி என்ற இத்தாலிய இயக்குநர், சிசிலித் தீவின் ஆச்சி திரெட்சா என்னும் மீனவக் கிராமத்தில் ‘லா தெர்ரா த்ரேமா’ என்ற படத்தை எடுத்தார். அங்கும் நட்சத்திரம் எவருமில்லை. ஊர் மீனவர்களும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளுமே நடித்தார்கள். இத்தாலியின் மற்றப் பகுதியினருக்கே விளங்காத சிசிலிக் கொச்சையில் பேசினார்கள். அங்கும் பின்னணியில் அரசியல் நோக்கம் இருந்தது. கம்யூனிஸ்டு கட்சியின் உதவியோடு தொடங்கப்பட்ட படம் அது. இயக்குநரோ பிரபு வம்சத்தில் பிறந்த அந்நியர். ‘செங்கட’லுக்கு இருந்த அத்தனை நிபந்தனைகளும் அதற்கும் இருந்தன என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறேன்.

அதன் நாயகன் பெயர் அந்தோனி. நம் கரையில் குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். மீனை அடிமாட்டு விலைக்கு எடுக்கும் மொத்த வியாபாரிகளிடம் தலைமுறை தலைமுறையாக ஏமாந்தது போதும் என்று அவன் கொதித்தெழுகிறான். அவர்களுடைய தராசுகளைக் கடலில் வீசுகிறான். பிறகு குடும்பத்தாரை வற்புறுத்தி, வீட்டை அடகு வைத்து, சொந்தத் தொழில் தொடங்குகிறான். நெத்திலிப் பாடு கொட்டுகிறது. வீடே கூடி உட்கார்ந்து உப்புப் போட்டுப் பதப்படுத்துகிறது. அந்தச் சில நிமிஷங்களில் அவர்களிடம் பொங்கும் சந்தோஷத்தைப்போல் ஒரு சந்தோஷத்தை உழைப்பாளிகளைப் பற்றிய வேறெந்தப் படத்திலும் நான் கண்டதில்லை. அப்பால் ஒரு நாள், கடன் நெருக்கவே, புயல் அறிகுறியையும் பொருட்படுத்தாமல் கடலுக்குப் போகிறார்கள்; படகு சிதைகிறது; வீடு போகிறது; தம்பி ஊரைவிட்டு ஓடுகிறான்; தங்கை ஒருத்தி பெயர் கெடுகிறாள்; இன்னொருத்தி தான் விரும்பிய கொத்தனாரைத் தானே விலக்கிவிடுகிறாள். கடைசியில் அந்தோனி, எந்த வியாபாரிகளை எதிர்த்தானோ அவர்களிடமே போய்க் கூலிக்கு நிற்கிறான்.

அவன் வியாபாரிகளின் பேராசைக்குப் பலியானவன்தான். ஆயினும் அவனுடைய வீழ்ச்சியில் அவனுடைய அகந்தைக்கும் அவசரத்திற்கும் மற்றவரைக் கலக்காத பிடிவாதத்திற்கும் பங்கிருக்கிறது. அந்தப் பங்கு இருப்பதனாலேதான், கூலிக்கு நிற்கும் அவனை வியாபாரிகள் எள்ளி நகையாடும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. குற்றமற்ற ஏழையைக் கண்டு நாம் இரங்குவோம். தவறிழைக்கவும் தக்க சுதந்திரமுடைய ஏழையோடு நாம் நம்மைச் சேர்த்துக்கொள்வோம். விஸ்கோந்தியின் மீனவர்களும் நடிக்கத் தெரியாதவர்களே. ஆனால் நடிப்பதற்கு ஒரு மனிதனை அவர் உருவாக்கிக் கொடுத்திருந்தார்.

இத்தாலிவரை போக வேண்டியதும் இல்லை. ‘செங்கடல்’ தேடியதை நம் கரையிலேயே கண்டெடுத்த நாவல் ஒன்று 1977இல் வெளிவந்தது. வண்ணநிலவன் எழுதிய ‘கடல்புரத்தில்’ மணப்பாட்டைக் களமாகக் கொண்டது. அளவில் சிறிய புத்தகம். லாஞ்சு என்னும் விசைப்படகுகள் வந்து வள்ளங்களின் பிழைப்பைக் கெடுத்த காலத்தில், கரை இரண்டுபட்டுப் பகைத்து நின்றதே அதன் பின்னணி. அந்தப் பகையைப் பற்றி எழுத ஒரு கட்டுரை போதும். வண்ணநிலவனோ குரூஸ் மைக்கேலை எழுதினார்: வள்ளத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகன் செபஸ்தி நெருக்க, அசைய மறுக்கும் கிழவர். மரியம்மையை எழுதினார்: புருஷன் இருக்க, ஊர் வாத்தியாரிடம் மனம் வைத்த மனைவி. யாவருக்கும் மேலாகப் பிலோமியை எழுதினார்: சாமிதாஸ் தன்னைக் கைவிட்டு வேறொருத்தியை மணந்துகொண்ட பின்னும் அவனைச் சபிக்கத் தெரியாதவள், தாய் இறந்தபின், அந்தத் தாயோடு சேர்த்து ஊர் பேசிய அதே வாத்தியாரிடம் தயக்கமின்றிச் சிநேகம் கொள்கிறவள். இப்படி ஒருத்தி இருப்பாளா என்று வாசகன் திகைக்கிறான்; அடுத்த பக்கத்தைப் புரட்டுமுன், இப்படியன்றி வேறு எப்படியும் இவள் இருக்க முடியாது என்று உணர்ந்துவிடுகிறான். லாஞ்சுச் சண்டை இன்று பழைய கதை. பிலோமி பழையவளாகவில்லை.

வண்ணநிலவன் திருநெல்வேலிக்காரர், கடற்குடியில் பிறந்தவரல்லர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதிய ராஜம் கிருஷ்ணனும் இந்த மண்ணைச் சேர்ந்தவரல்லர், முசிறியில் பிறந்தவர். அளத்து வெயிலில் வந்து நின்று, கேட்டு, பழகி, பொன்னாச்சி என்ற பெண்ணைக் கொண்டுபோனார். ஆகவே வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது கைகூடாது என்ற சமாதானமும் நிற்காது. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ ஆகிய நாவல்களில் காட்டியது உள்ளிருப்பவனின் அறிவு. முன்னவர் இருவரும் காட்டியது வெளியாளின் பொறுமை. ‘செங்கட’லின் திரைக்கதையில் பங்குகொண்ட ஷோபாசக்தியும் மனிதர்களை எழுதத் தெரியாதவரல்லர், அவருடைய ‘கொரில்லா’வைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். திறமை இல்லாமையால் நேர்ந்த குறை என்று இதைச் சொல்ல மாட்டேன்.

பின் எதனால் நேர்ந்தது? என் அபிப்பிராயத்தில், அப்படம் தன் மனிதர்களை முதலிலேயே சாட்சிகளாக நியமித்துவிட்டது. சாட்சிக் கூண்டில் நிற்பவனிடம் நாம் கேட்பது, உனக்கு என்ன நடந்தது என்ற ஒன்றைத்தான்; நீ யார் என்பதை முகவரிக்கு மேல் எவரும் விசாரிப்பதில்லை. விவரணப் படத்தில் அந்த முறை பொருந்தும். அங்கே முன்னால் நிற்பவன் மெய்யான மனிதனாதலால், இயக்குநர் கேட்காதவற்றையும் அவன் முகம் தானாகச் சொல்லிவிடும். கற்பனைக் கதை என்று வகுத்துக்கொண்ட பிறகோ, எழுதப்படாதது இல்லாததாகவே ஆகிவிடுகிறது. அத்துடன், படமெடுப்பவளின் இன்னலே கதையின் நடு இடத்தைப் பிடித்துக்கொண்டதால், தனுஷ்கோடி ஜனங்கள் அவளுடைய மனச்சாட்சியின் பின்புலமாகத் தேய்ந்து போனார்கள். தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லும் நேர்மையான எண்ணத்தோடுதான் இயக்குநர் தம்மைத் திரையில் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நேர்மையின் செலவை முனுசாமியும் சூரியும் ஏற்க நேர்ந்தது.

பாராட்டியவர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. தடை செய்யப்பட்ட படத்தைக் குறை சொன்னால் தடை செய்தவர்களின் பக்கம் போய்விடுவோமோ என்ற அச்சம் நம் விமர்சகர்களைப் பிடித்துக்கொண்டது. அயல்நாட்டு விழாக்களின் பார்வையாளர்களோ, தாங்கள் அறியாத ஒரு கொடுமையை அறிவித்ததற்கே நன்றியுடையவர்களாக இருந்தார்கள். அவர்களுக்கு அது செய்தி. இக்கரையில் இருப்பவர்களுக்கு அது செய்தியன்று. எல்லைக் கடலில் என்ன நடக்கிறதென்று இங்கே ஒவ்வொரு துறைமுகத்துப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததையே மறுபடி கேட்பதற்காக அன்றி, தங்களைப்போல் ஒருவரைத் திரையில் சந்திப்பதற்காக அவர்கள் காத்திருந்தார்கள். ஒரு படத்தைக் காப்பாற்றப் போராடுவதும், அப்படத்திடம் கலையின் முழுக் கடமையைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. முதலாவதைச் செய்தவர்களுக்கே இரண்டாவதைச் செய்ய முழு உரிமை உண்டு.

இதில் கலையின் நஷ்டம் மட்டுமே இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. சுபாவமற்ற மனிதனை எண்ணிக்கையாக மாற்றுவது எளிது. இத்தனை படகு, இத்தனை வலை, இத்தனை உயிர் என்று பத்திரிகைகளும் சட்டசபைகளும் மீனவனை வரவு வைத்துக்கொண்டே இருக்கின்றன; சிப்பி எண்ணிய பழைய கணக்குப்பிள்ளைகள் அவனை விட்டுவிட்டதுபோலவே இவர்களும் அவனை விட்டுவிட்டார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுத்து, இவன் முனுசாமி, இவனைப்போல் இன்னொருவன் இல்லை என்று நிலைநாட்டக் கைவசம் ஒரு காமிரா இருந்தும், அது நடக்காமல் போயிற்று.

அதே இயக்குநர் 2019இல் ‘மாடத்தி’யை எடுத்தார் என்பதை நான் மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். தாமிரபரணிக் கரையில், பிறர் கண்ணில் படலாகாது என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் யோசனா அதன் நாயகி. அவளுக்கும் நேர்வது கொடுமைதான். ஆனால் அதற்கு முன் அவளுக்கு ஆசை இருக்கிறது, ஒளிந்து நின்று பார்க்கும் குறும்பு இருக்கிறது, தாய் சொல்லைத் தட்டும் துடுக்கு இருக்கிறது. எனவே அவளை இழக்கும்போது நாம் ஒருத்தியை இழக்கிறோம். அந்த ஆறு புன்னைக்காயலில் எங்கள் கடலில்தான் வந்து கலக்கிறது. யோசனாவுக்குக் கிடைத்த கவனம் கடலுக்கும் ஒரு நாள் கிடைக்கும் என்று நம்ப அது இடந்தருகிறது.

அந்த நாளைத் தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்றும் உண்டு. 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதன்பின் அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தவே இல்லை. சங்குகுளி மட்டும் இன்றும் நடக்கிறது. 1961இல் இருபது வயது இளைஞனாகப் பாரில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். காமிராவை வைத்துக்கொண்டு கதை தேடும் தம்பிமார், தங்கைமார் அந்தப் பெரியவர்களிடம் இந்த ஆண்டே போகட்டும். எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்ற கேள்வியைச் சிறிது ஒத்திவைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்திருந்த மைத்துனரோடு என்ன சண்டை என்று முதலில் கேட்கட்டும்.